பெட்டிக்கும் ஓர் அளவு வேண்டும்

நமது அங்கத்தினர்களின் இல்லங்களில் மிக நீண்ட நேரம் உழைக்கும் சாதனம் எது என்று கேட்டால், தறி என்பர் சிலர்; மின்விசிறி என்பர் வேறு சிலர். தோட்டக்காரர்களோ கிணற்று மோட்டாரைக் கூறுவர். தொலைக்காட்சியின் அருகே தூசி படிந்து கிடக்கும் செட்டாப் பெட்டியை எவரும் கூறமாட்டார்கள். தறிக்கு ஓய்வுண்டு, மோட்டாருக்கும் ஓய்வுண்டு. அந்தச் சிறு பெட்டியோ பெரும்பாலான வீடுகளில் இரவும் பகலும் ஓய்வின்றி மின்சாரத்தை உட்கொண்டவாறு இருக்கிறது. இதைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

சின்னாட்களுக்கு முன் நமது நெசவாளர் அங்கத்தினர் ஒருவரின் இல்லத்தில் ஓரிரவு தங்க நேர்ந்தது. விடியற்காலையில் அவர் தறிக்குழியில் இறங்குமுன் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அச்சமயம் வீட்டினுள் விளக்கும் இல்லை; விசிறியும் ஓடவில்லை. ஆயினும் சுவரிலிருந்த மின்மீட்டரின் சிவப்புப் பொட்டு இடைவிட்டு இடைவிட்டு மின்னிக் கொண்டிருந்தது. காரணம் என்னவென்று தேடி உள்ளே சென்று செட்டாப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தோம். அது இளஞ்சூடாக இருந்தது. “ராத்திரியே ரிமோட்டில் அணைத்துவிட்டேனே, ஐயா!” என்று நண்பர் வியப்புற்றார். அவர் கூறியது உண்மையே. அவர் அணைத்தார், ஆனால் பெட்டி அணையவில்லை.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிந்துகொள்வது கடினமன்று. கம்பி வழியாகவோ வானிலிருந்தோ வரும் அலையைப் பிடிப்பது பெட்டியின் ஒரு பகுதி. அதைப் படமாகவும் ஒலியாகவும் பிரித்தெடுப்பது மற்றொரு பகுதி. சந்தா செலுத்தியவர்க்கு மட்டும் பூட்டைத் திறந்துவிடுவது மூன்றாவது பகுதி. ரிமோட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் இவை யாவும் உறங்கிவிடுகின்றன என்று நாம் எண்ணுகிறோம். பல பெட்டிகளில் படம் வெளியே போவது மட்டுமே நிறுத்தப்படுகிறது. பச்சை விளக்கு சிவப்பாக மாறுகிறது. உள்ளே வேலை முன்போலவே நடக்கிறது. கூரை மீது டிஷ் வைத்திருப்போர் வீட்டில், டிஷ்ஷின் முன்னுள்ள அலைவாங்கிக்கும் இப்பெட்டியே கம்பி வழியாக மின்சாரம் அனுப்புகிறது. பெட்டி விழித்திருக்கும்வரை அதற்கும் செலவுதான். மடையை அடைத்துவிட்டோம் என்று எண்ணி வீடு திரும்பியபின், இரவெல்லாம் நீர் கசிந்து அயல் நிலத்தில் பாய்வது போன்றது இது.

கணக்கிட்டுப் பார்ப்போம். பெட்டி பத்து வாட் மின்சாரம் கொள்வதாகவும், அதை நாள்தோறும் ஐந்து மணி நேரம் பார்ப்பதாகவும் வைத்துக்கொள்வோம். மீட்டர்க் கணக்கெடுக்கும் இரு மாத காலத்தை அறுபது நாட்களாகக் கொண்டால், நாம் பார்த்த நேரத்திற்கு ஆகும் செலவு 3 யூனிட். யாரும் பாராத பத்தொன்பது மணி நேரத்திற்கு ஆகும் செலவு 11.4 யூனிட். ஆக மொத்தம் 14.4 யூனிட்டில் ஐந்தில் நான்கு பங்கு வீணுக்கு இறைத்ததாகும். அதே பெட்டி பாராத நேரத்தில் அரை வாட் மட்டுமே கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தால் 11.4 யூனிட்டுக்குப் பதிலாக 0.57 யூனிட்டே செலவாகும். ஆண்டொன்றுக்கு ஒரு வீட்டில் மிச்சமாவது ஏறத்தாழ 65 யூனிட். ஆயிரம் அங்கத்தினர் கொண்ட ஒரு சங்கத்தில் அது 65,000 யூனிட்டாகும்.

“பத்து வாட் ஒரு பொருட்டா? வாசல் விளக்கே அவ்வளவு கொள்ளுமே” என்று சிலர் கேட்கக்கூடும். வாசல் விளக்கை நாம் இருபத்து நான்கு மணி நேரமும் எரிய விடுவதில்லை. பத்து வாட் பெட்டி ஒரு நாள் முழுதும் கொள்ளும் மின்சாரத்தைக் கொண்டு 75 வாட் மின்விசிறி ஒன்றை மூன்று மணி நேரத்திற்கு மேல் ஓட்டலாம். புழுக்கம் மிகுந்த சித்திரை மாதத்து நடுப்பகலில் தறியில் அமர்ந்து நெய்பவருக்கு மூன்று மணி நேரக் காற்றின் அருமை நாம் கூறித் தெரியவேண்டியதில்லை. மேலும், இரு மாதத்திற்கு முதல் 100 யூனிட் வீடுகளுக்குக் கட்டணமின்றி வழங்கப்படும் என்று 2016-இல் நமது மாநில அரசு அறிவித்தது. அந்தச் சலுகையில் ஏழில் ஒரு பங்கை இந்தப் பெட்டி ஒன்றே உண்டுவிடுகிறது. படிப்படியாக உயரும் கட்டண முறையில், எல்லைக்கோட்டின் அருகே நிற்கும் குடும்பத்தை மேற்படிக்குத் தள்ள இந்தப் பதினான்கு யூனிட்டே போதும்.

இனி முக்கிய விஷயத்திற்கு வருவோம். இந்த வீண்செலவுக்கு யார் பொறுப்பு? அங்கத்தினர்களின் அலட்சியமே காரணம் என்று கூறிச் சிக்கன உபதேசம் செய்வது எளிது. நாம் அவ்வாறு கூற விரும்பவில்லை. ஏனெனில் இப்பெட்டியைத் தேர்ந்தெடுத்தவர் அங்கத்தினர் அல்லர்.

இது எவ்வாறு நம் வீட்டிற்குள் வந்தது என்பதை நினைவு கூர்வது நலம். கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்திற்கு 2011-இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி பழைய ஒளிபரப்பு முறையைக் கைவிட்டு டிஜிட்டல் முறைக்கு மாறவேண்டியதாயிற்று. பெருநகரங்களுக்கு 2012-இல் கெடு விதிக்கப்பட்டது. படிப்படியாக ஏனைய ஊர்களுக்கும் விரிந்து, கிராமங்களுக்கான கடைசிக் கெடு 2017 மார்ச்சு வரை நீட்டிக்கப்பட்டது. அது முதல் பெட்டியின்றிக் கேபிள் இல்லை. கேபிள்காரர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மாட்டிச் சென்றார். அது எத்தனை வாட் கொள்ளும் என்று அவரும் கூறவில்லை, நாமும் கேட்கவில்லை. அப்பெட்டிகளை ஆயிரக்கணக்கில் கொள்முதல் செய்யும் நிறுவனம் விலையைப் பார்க்கும். எத்தனை சானல் வரும் என்று பார்க்கும். சந்தா செலுத்தாதவரைத் தடுக்கும் பூட்டு உறுதியானதா என்று பார்க்கும். மின்செலவை அது ஏன் பார்க்கவேண்டும்? மின்கட்டணம் செலுத்துவது அந்நிறுவனம் அன்றே! தேர்ந்தெடுப்பவர் ஒருவர், அதன் செலவைத் தாங்குபவர் வேறொருவர் என்ற நிலையில் சிக்கனம் தானாக வந்து சேராது. தீமையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கூட்டுறவாளர்களாகிய நமக்கு இது புதிய பாடமன்று. நூலைக் கண்ணால் பார்த்து வாங்கிய நாட்களில் நெசவாளர் ஏமாந்தார். 60-ஆம் நம்பர் நூல் என்றால் 60-ஆம் நம்பராகவே இருக்கவேண்டும், சிட்டம் குறைதல் ஆகாது என்று சங்கம் எழுத்தில் விதித்த பின்னரே அவருக்குப் பாதுகாப்பு ஏற்பட்டது. நெல் கொள்முதலிலும் அவ்வாறே. ஈரப்பதம் 17 சதவிகிதத்திற்கு மேற்படலாகாது என்பது வழக்கமான விதி. விளைவிப்போருக்கு இவ்விதி சில வேளைகளில் கசப்பாக இருப்பினும், அளவுகோல் இன்னதென்று இருதரப்பாரும் முன்கூட்டியே அறிவர். நம்மிடமிருந்து வாங்கும் பொருளுக்கு எண்ணால் எல்லை விதிக்கும் உலகில், நம் வீட்டிற்குள் அனுப்பப்படும் பெட்டிக்கு மட்டும் எல்லை வேண்டாமா?

மற்ற நாடுகளில் இத்தகைய எல்லை விதிக்கப்பட்டிருக்கிறது. அதனால் தொலைக்காட்சி நின்றுவிடவும் இல்லை. சாதனங்கள் சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு வாட்டுக்கு மேல் கொள்ளலாகாது என்ற யோசனையைச் சர்வதேச எரிசக்தி முகமை 1999-இல் முன்வைத்தது. 2001-இல் அமெரிக்க ஜனாதிபதி ஓர் ஆணை பிறப்பித்து, மத்திய அரசு அலுவலகங்கள் சாதனங்கள் வாங்கும்போது கூடியவரை இந்த ஒரு வாட் எல்லைக்கு உட்பட்டவற்றையே வாங்கவேண்டும் என்று பணித்தார். இதில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. உற்பத்தியாளர்க்குத் தண்டனை விதிக்கும் சட்டமாக அது வரவில்லை. பெரிய அளவில் வாங்குபவர் கேட்கும் நிபந்தனையாக வந்தது. கூட்டாக வாங்குபவரின் சொல்லுக்கு எத்துணை வலிமை உண்டு என்பதைக் கூட்டுறவு இயக்கத்தார்க்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் சட்டமாகவே ஓர் ஆணை பிறப்பித்தது. சந்தாப் பூட்டு இல்லாத எளிய பெட்டிகளுக்கு அது பொருந்தியது. முதலாண்டு கழிந்ததும், காத்திருப்பு நிலையில் பெட்டி ஒரு வாட்டுக்கு மேல் கொள்ளலாகாது. மூன்றாண்டு கழிந்ததும் அரை வாட்டுக்கு மேல் கொள்ளலாகாது. ஓடும்போது கொள்ளும் மின்சாரத்திற்கும் ஐந்து வாட் என்று அடிப்படை எல்லை வகுக்கப்பட்டது. அன்றியும், மூன்று மணி நேரம் வரை எவரும் ரிமோட்டைத் தொடாவிடில் பெட்டி தானாகவே காத்திருப்பு நிலைக்குச் செல்லவேண்டும் என்றும், அவ்வாறு செல்வதற்கு இரண்டு நிமிஷம் முன்பாகத் திரையில் அறிவிப்புக் காட்டவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. தொலைக்காட்சியை மட்டும் அணைத்துவிட்டுப் பெட்டியை மறந்து உறங்கச் செல்லும் நம் போன்றோரை எண்ணியே இவ்விதி செய்யப்பட்டது போலும்! பின்னர் 2023-இல், காத்திருப்பு மின்செலவுக்கான பொது ஆணை ஒன்று புதிதாகப் பிறப்பிக்கப்பட்டபோது இத்தனி ஆணை நீக்கப்பட்டது.

அமெரிக்காவில் நிகழ்ந்தது இன்னும் படிப்பினை தருவது. அந்நாட்டு இயற்கை வளப் பாதுகாப்பு மன்றம் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-ஆம் ஆண்டில் அங்கிருந்த ஏறக்குறைய 16 கோடிப் பெட்டிகள் 2,700 கோடி யூனிட் மின்சாரத்தை உட்கொண்டன. அதற்கு மக்கள் செலுத்திய கட்டணம் சுமார் 300 கோடி டாலர். அதில் மூன்றில் இரு பங்கு, யாரும் பார்க்காமலும் எதையும் பதிவு செய்யாமலும் பெட்டி வெறுமே விழித்திருந்த நேரத்துச் செலவு! நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் பெட்டி ஒன்றும் உயர்தெளிவுப் பெட்டி ஒன்றும் வைத்திருந்த வீட்டில் அவ்விரண்டும் ஆண்டுக்கு 446 யூனிட் கொண்டன. நல்ல குளிர்சாதனப் பெட்டி ஒன்று கொள்வதைவிட இது அதிகம். இச்செய்தி பத்திரிகைகளில் பரவியதும் மக்கள் திகைத்தனர்; மத்திய எரிசக்தித் துறை விதி செய்ய முனைந்தது. விதி வருமுன் 2012 டிசம்பரில் கேபிள் நிறுவனங்களும் பெட்டி செய்வோரும் கூடித் தாமே ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். 2014 முதல் வாங்கும் புதிய பெட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு, குறித்த சிக்கன அளவுக்கு உட்பட்டிருக்கும் என்று உறுதியளித்தனர். அடுத்த ஆண்டு மின்சிக்கனத்திற்காக வாதாடும் பொதுச் சங்கங்களும் அவ்வுடன்பாட்டில் சேர்ந்தன; அரசு தன் விதி முயற்சியைக் கைவிட்டது. பின்னர் ஆண்டுதோறும் வெளியான அறிக்கைகள் செலவு குறைந்து வருவதைக் காட்டின.

சட்டம் நல்லதா, உடன்பாடு நல்லதா என்ற வாதத்தில் நாம் இப்போது புக விரும்பவில்லை. ஆனால் ஒன்று கூறுவோம். எவரும் கேட்காதிருந்த காலத்தில் எவரும் குறைக்கவில்லை. கணக்கு வெளியாகி, மக்கள் கேட்கத் தொடங்கி, அரசும் கையில் கோலெடுத்த பின்னரே உடன்பாடு பிறந்தது.

இனி மறுதரப்பாரின் வாதங்களையும் நியாயமாக ஆராயவேண்டும். “பெட்டியை ஆழ்ந்து உறங்கவிட்டால் காலையில் எழுப்ப இரண்டு மூன்று நிமிஷம் ஆகும்; வாடிக்கையாளர் பொறுமை இழப்பார்” என்பது ஒரு வாதம். இதில் உண்மை உண்டு. முழுதும் அணைந்த பெட்டி மீண்டும் அலையைத் தேடிப் பிடித்து, பூட்டின் அனுமதி பெற்று, சானல் பட்டியலைத் திரட்டவேண்டும். ஆனால் முழு விழிப்பு, முழு உறக்கம் ஆகிய இரண்டிற்கும் நடுவே ஓர் இலேசான உறக்கமும் உண்டு. நினைவுப் பகுதியை மட்டும் விழிக்க வைத்து மற்றவற்றை நிறுத்தும் அமைப்பு அது. பழக்கத்தால் நாம் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்திற்குச் சற்று முன்னதாகப் பெட்டியைத் தானே எழுப்பும்படியும் செய்யலாம்.

“நள்ளிரவில் புதிய அனுமதிச் சாவியையும் நிகழ்ச்சிப் பட்டியலையும் அனுப்புகிறோம், பெட்டி உறங்கினால் அவை சேரா” என்பது மற்றொரு வாதம். அதற்காக இரவு முழுதும் விழித்திருப்பானேன்? குறித்த நேரத்தில் பெட்டி எழுந்து, வேண்டியதைப் பெற்றுக்கொண்டு மீண்டும் உறங்கலாமே! விடியற்காலை பால் கொடுக்க வருபவருக்காக நாம் இரவெல்லாம் வாசலில் உட்கார்ந்திருப்பதில்லை. அவர் வரும் நேரத்திற்கு எழுந்தால் போதும்.

மூன்றாவது வாதம் வலுவானது. “கடுமையான எல்லை விதித்தால் புதிய வசதிகளை அளிக்க முடியாது, தொழில் முன்னேற்றம் தடைப்படும்.” இதற்கு ஐரோப்பியர் கண்ட வழி நமக்குப் பிடித்திருக்கிறது. அடிப்படைப் பெட்டிக்கு ஓர் அளவு வகுத்தபின், கூடுதல் வசதி ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே சிறு சலுகை அளித்தனர். பதிவு செய்யும் வன்தட்டு இருந்தால் ஆறு வாட் கூட்டிக்கொள்ளலாம். இரண்டாவது அலைவாங்கிப் பகுதி இருந்தால் ஒரு வாட் கூட்டிக்கொள்ளலாம். சாதாரணச் சேலைக்கு ஒரு கூலியும், சரிகை பேட்டுக்கும் புட்டாவுக்கும் தனிக்கூலியும் சங்கம் வகுப்பதைப் போன்றதே இது. வேலை கூடினால் கூலி கூடும். வேலையின்றிக் கூலி கேட்பதற்கு மட்டும் இடமில்லை. வசதியை எவரும் தடுக்கவில்லை. அவ்வசதிக்கு எவ்வளவு மின்சாரம் ஆகிறது என்று கணக்குக் காட்டச் சொல்வதே எல்லையின் நோக்கம்.

பெட்டியின் அமைப்பைப் பற்றி மேலும் ஒன்று கூறவேண்டும். ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொரு நிறுவனத்தின் சேவைக்குப் பயன்படாத வரையில், சிக்கனமான பெட்டியைக் கடையில் தேர்ந்து வாங்கும் உரிமை நமக்கில்லை. கேபிள்காரரை மாற்றினால் பழைய பெட்டி குப்பைக்குப் போகிறது. எந்தப் பெட்டியும் எந்தச் சேவைக்கும் பொருந்தும்படி அமையவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரை செய்தது. இந்தியத் தரநிர்ணய அமைவனமோ, இலவசச் சானல்களைப் பெட்டியின்றியே பெறும்படி அலைவாங்கியை உள்ளடக்கிய தொலைக்காட்சிகளுக்கான தர அளவை 2023 ஜனவரியில் அறிவித்தது. இவ்விரண்டும் வரவேற்கத்தக்கவை. தேர்ந்தெடுக்கும் உரிமை செலவைத் தாங்குபவர் கைக்கு வருமானால், பாதி நோய் தீர்ந்ததாகவே கொள்ளலாம்.

அதுவரை அங்கத்தினர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவதாக, தங்கள் பெட்டியைத் தாங்களே சோதித்து அறியலாம். ரிமோட்டில் அணைத்து ஓரிரவு கழித்துத் தொட்டுப் பார்த்தாலே ஓரளவு விளங்கும். சரியாக அறிய விரும்புவோர், வீட்டிலுள்ள குளிர்சாதனப் பெட்டி, இன்வெர்ட்டர் முதலிய யாவற்றையும் நிறுத்திவிட்டுச் செட்டாப் பெட்டியை மட்டும் விட்டு, மீட்டரின் பொட்டு ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணலாம். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். அது 3,200 எனில், மணிக்கு 32 முறை மின்னினால் பெட்டி கொள்வது பத்து வாட். பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் இவ்வேலையை ஒப்படைத்தால் கணக்கும் விளங்கும். வீட்டின் நிலையும் விளங்கும்.

இரண்டாவதாக, உறங்கச் செல்லுமுன் சுவர்ச் சுவிட்சையே அணைத்துவிடலாம். பல வீடுகளில் அச்சுவிட்சு பீரோவின் பின்னால் கைக்கெட்டாத இடத்தில் இருக்கிறது என்பதை அறிவோம். எலெக்ட்ரீசியனை அழைத்து எட்டும் இடத்திற்கு மாற்றுவது ஒருமுறைச் செலவே. ஆனால் வயது முதிர்ந்தோர் தனித்திருக்கும் வீட்டிலும், அணைத்து எழுப்பினால் சானல்கள் மறைந்து கேபிள்காரரைத் தேடவேண்டியிருக்கும் பெட்டியிலும் இவ்வழி சரிப்படாது. ஆகவேதான் தனிமனிதர் சிக்கனம் மட்டும் போதாது என்று வற்புறுத்துகிறோம். ஒவ்வொருவரும் நாள்தோறும் நினைவு வைத்துச் செய்யவேண்டியதை, ஆலையிலேயே ஒருமுறை அமைத்து அனுப்பிவிட்டால் கோடிக்கணக்கான வீடுகளில் எவரும் நினைவு வைக்கவேண்டியதில்லை.

எனவே நமது சங்கங்கள் அடுத்து வரும் மகாசபைக் கூட்டங்களில் இதுபற்றித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். வீடுகளுக்கு வழங்கப்படும் ஒவ்வொரு பெட்டியின் மீதும், ஓடும்போது எத்தனை வாட், காத்திருக்கும்போது எத்தனை வாட் என்ற இரண்டு எண்களைத் தமிழில் அச்சிடவேண்டும். பொதுப்பணத்தில் பெட்டிகள் கொள்முதல் செய்யப்படும் போதெல்லாம், காத்திருப்பு நிலைக்கு ஓர் உச்ச அளவும், தொடாதிருந்தால் தானே உறங்கும் அமைப்பும் டெண்டர் நிபந்தனையில் இடம்பெற வேண்டும். கேபிள்காரர் புதிய பெட்டி கொண்டுவரும்போது இவ்விரு எண்களையும் கேட்டறிவது தம் கடமை என்று அங்கத்தினர் ஒவ்வொருவரும் கொள்ளவேண்டும். ஒருவர் கேட்டால் கேபிள்காரர் சிரித்துவிட்டுப் போவார். ஊரே கேட்டால் மேலிடத்திற்கு எழுதுவார்.

கைத்தறிக்கும் கிணற்று மோட்டாருக்கும் அரசு அளிக்கும் மின்சலுகைகளைப் பற்றிப் பேசும்போது, உழைப்பவர் மின்சாரத்தை வீணாக்குகிறார் என்று நகரத்தார் சிலர் குறை கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம். துணியாகவும் தானியமாகவும் திரும்பி வரும் மின்சாரம் வீணன்று. யாரும் பாராத பெட்டியைச் சூடேற்றும் மின்சாரமே வீண். அதை நிறுத்துவதற்கு நாம் எதையும் துறக்கவேண்டியதில்லை. ஒரு நிகழ்ச்சியையும் இழக்கவேண்டியதில்லை. கேட்கவேண்டியதைக் கூடிநின்று கேட்டால் போதும். அவ்வாறு கூடிநிற்பதற்காகத்தானே சங்கம் என்று ஒன்றை நாம் அமைத்துக்கொண்டோம்!